பெட்டிக்குள் போகாத சீட்டு

தருமபுரத்தில் அக்காவின் மாமனாருக்குத் தபாலில் வந்த தேர்தல் தாள்களை நான்தான் படித்துக் காட்டினேன். அவரும் அக்காவின் மாமியாரான அத்தையும் பிரெஞ்சுக் குடிமக்கள். காரைக்காலில் இருந்துகொண்டே அந்த நாட்டு அதிபர் தேர்தலில் வாக்களிப்பவர்கள். மாமாவுக்குக் கண்ணில் புரை, பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். போலகத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருந்தேன்.

அத்தான் பாரிஸ் பக்கம் வேலையில் இருந்தார். கல்யாணமாகி ஒன்றரை வருடமாக அக்கா விசாவுக்குக் காத்திருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள்.

முதல் தாளில் ஒரு வேட்பாளர், குடும்பங்களைப் பிரிக்க மாட்டேன் என்றார். அடுத்த தாளில் இன்னொரு வேட்பாளர், வெளிநாட்டு மனைவி உள்ளே வருவதற்கு முன்பே கடினமான மொழித் தேர்வு வைப்பேன் என்றார். அந்த வரியை விழுங்கிவிடலாமா என்று நினைத்தேன். பக்கத்தில் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விழுங்கவில்லை, படித்துவிட்டேன்.

"இவன்தான் சரியான ஆளு," என்றார் மாமா. "போன தடவையும் இவனுக்குத்தான் போட்டேன்."

"மாமா, அது அக்காவையும்தான் தடுக்கும்."

"உங்க அக்கா நம்ம வூட்டுப் பொண்ணு தம்பி. நான் இருவது வருஷம் அவங்க பட்டாளத்துல இருந்தவன். கண்டவனும் வந்து பூர்றான்ல, இது அவனுவளுக்கு."

"கண்டவன்னு இதுல எழுதலையே மாமா. வெளிநாட்டவர்னுதான் இருக்கு."

"நாலு எழுத்து படிச்சிட்டா பட்டாளத்துக்காரனுக்கே பாடம் எடுப்பீங்களோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குக் காது சுட்டது. அக்கா தலை நிமிரவில்லை. அத்தை மட்டும், "அந்த வரிய இன்னொரு தரம் படிங்க தம்பி," என்றார். படித்தேன். எழுந்து உள்ளே போனார்.

"நான் சொல்றதுதான் அவளும் போடுவா," என்றார் மாமா. "ரெண்டு ஓட்டு."

வாக்குப்பதிவு அன்று இருவரையும் ஆட்டோவில் கூட்டிப்போனேன். அந்தத் தேர்தலில் பொத்தான் கிடையாது. மேசையில் வேட்பாளருக்கு ஒன்றாகப் பெயர் அச்சிட்ட சீட்டுகள் அடுக்கியிருக்கும். யாருக்குப் போடுகிறோம் என்று பிறருக்குத் தெரியாமலிருக்க, ஒவ்வொன்றிலும் ஒன்றாகப் பல சீட்டுகளை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், ஒன்றை உறைக்குள் வைத்துப் பெட்டியில் போட வேண்டும். மிச்சம் கையோடு வந்துவிடும்.

நான் வெளியே நின்றேன். மாமா சீக்கிரமே வந்துவிட்டார். அத்தையைக் காணோம்.

"என்ன பண்றா இம்மாம் நேரம்?"

அத்தை வந்ததும் துணிப்பையை என் கையில் திணித்தார். "தண்ணி பாட்டில் இருக்கு, பாத்து வச்சுக்குங்க."

ஆட்டோவில் மாமா கேட்டார்: "நான் சொன்னவனுக்குத்தானே போட்ட?"

"பின்ன?" என்றார் அத்தை, ரோட்டைப் பார்த்தபடி.

மடியிலிருந்த பையின் வாய் விரிந்திருந்தது. பாட்டிலுக்குப் பக்கத்தில் மிச்சச் சீட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில், மாமா சொன்ன வேட்பாளரின் பெயர். பெட்டிக்குள் போயிருந்தால் அது இங்கே இருக்காது.

"தொண்ட காயுது. அந்தப் பைய இப்புடிக் குடுங்க தம்பி," என்று மாமா கை நீட்டினார்.

அத்தை திரும்பவேயில்லை. ஆனால் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

பாட்டிலை மட்டும் எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினேன். பையின் வாயைச் சுருட்டி முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன். ஒரு வரியைக்கூட மறைக்காமல் படித்துக் காட்டியவன், தருமபுரம் வரும்வரை வாயைத் திறக்கவில்லை.