அம்மாவின் வேலையும் அப்பாவின் தீர்ப்பும்

பங்குக் கோயில் மண்டபத்தில் அப்பாவை நடுவராகத் தெரிந்தெடுத்த ஞாயிறன்று முதலில் உயர்ந்த கை அம்மாவினுடையது. இத்தாலியின் பலேர்மோவில் எங்கள் சனத்திடையே எழும் பிணக்குகளைப் பொலிசுக்குக் கொண்டுபோகாமல் தீர்ப்பதற்கு ஆண்டுதோறும் ஒருவரை அமர்த்துவது வழக்கம். அப்பா மன்னார் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்தவர். இங்கே படுக்கையிற் கிடந்த ஒரு முதியவரை ஒப்பந்தமெதுவுமின்றிப் பராமரித்தார். எவர் பேச்சையும் குறுக்கிடாது கேட்கும் பழக்கம் மட்டும் அவரை விட்டு அகலவில்லை. "இனிக் கறியிலை உப்புக் கூடினாலும் எனக்கு விசாரணைதான்!" என்று அம்மா மண்டபத்தையே சிரிக்கவைத்தாள்.

அடுத்த கிழமையே முதல் வழக்கு வந்தது; எதிராளி அம்மா. ஊருக்குப் போகிறவர் தம் வேலையை நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுச்செல்வதும், திரும்பியதும் பெற்றுக்கொள்வதும் எங்களிடையே எழுதப்படாத சட்டம். அப்படிப் பக்கத்து ஊரான பகேரியாவில், சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைக்கும் ஓர் இத்தாலிய வீட்டுக்காரியின் வீட்டு வேலையை அம்மாவிடம் விட்டுச்சென்ற எங்கள் சனத்து அக்கா ஒருத்தி, தாயின் நோயால் பல மாதங்கள் பிந்தித் திரும்பியிருந்தாள். அதற்குள் சிஞ்ஞோரா அம்மாவோடு முறையான ஒப்பந்தம் செய்துவிட்டாள். அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான், மன்னாரில் சித்தியோடு விட்டுவந்த என் அண்ணனை, அவனுக்குப் பதினெட்டு வயது முடியுமுன் இங்கே அழைக்கவேண்டியிருந்தது; அதைத் தாண்டிய பிள்ளையை அழைக்கச் சட்டம் விடாது.

"இதை வேற ஆளிட்டைக் கேளுங்கோ" என்றார் அப்பா.

"ஊரெல்லாம் உங்கடை நீதியைத்தான் கதைக்குது, அண்ணை. உங்கடை மனுசி எண்டவுடனை ஒதுங்கிறியளோ?" என்றாள் அக்கா.

அப்பா அக்காவைக் காட்டி, "வேலை அவவின்ரை" என்றார்.

அம்மா ஒரு சொல்தான் கேட்டாள். "பொடியன்?"

அம்மாவுக்கு வேறு வேலை கிடைத்தது. ஆனால் அண்ணனுக்குப் பதினெட்டு முடிந்த பின்னரே ஒப்பந்தம் கிடைத்தது. அவன் வரவேயில்லை.

அதன்பின் சாகும்வரை அப்பாவே ஆண்டுதோறும் நடுவராகத் தெரிவானார். அவருடைய நேர்மைக்குச் சான்றாக எல்லாரும் அந்த வழக்கையே எடுத்துச் சொல்வார்கள். அப்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அது நேர்மைதானா, மண்டபத்துக்கு அஞ்சிய கோழைத்தனமா என்று இன்றும் என்னால் துணியமுடியவில்லை.

இப்போது அந்த நடுவர் இடத்துக்கு என்னை நிற்கச் சொல்கிறார்கள். நேற்று மன்னாருக்குத் தொலைபேசி எடுத்து, நிற்கவா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"நில்லு, தங்கச்சி," என்றான். "ஆனா சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத ஊராப் பாத்து நில்லு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.