முனெம்மாவும் டேக் ரக்பியும்

போன வாரம் திருப்பதியில் அலிபிரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பள்ளி மைதானத்திலிருந்து 'சர்ரக், சர்ரக்' என்று சத்தம். எட்டிப் பார்த்தால், இடுப்புப் பட்டையில் ஆளுக்கு இரண்டு ரிப்பன் தொங்க, பிள்ளைகள் முட்டை வடிவப் பந்தோடு பறந்துகொண்டிருந்தார்கள். வண்டியை ஓரம்கட்டிவிட்டேன். பால் வாங்கி வரச் சொன்னது சுத்தமாக மறந்துபோயிற்று.

டேக் ரக்பி! ஸ்ரீ சிட்டியில் செல்போன் கம்பெனியில் வேலை பார்த்த நாட்களில் எங்களைப் பைத்தியமாக்கிய ஆட்டம். ரக்பி என்றதும் மேலே விழுந்து புரளும் முரட்டு ஆட்டம்தான் உங்களுக்கு நினைவு வரும். இதில் யாரும் யாரையும் தொடக்கூடாது. பந்தோடு ஓடுகிறவரின் ரிப்பனை உருவி 'டேக்' என்று கத்தினால், அவர் நின்று, பின்னால் இருப்பவருக்குப் பந்தைத் தள்ளிவிட வேண்டும். உருவியவர் ரிப்பனை அவர் கையிலேயே திருப்பித் தர வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் என்னிடம் பணிவாக எதையாவது நீட்டியது அங்கே மட்டும்தான்.

பெங்களூரிலிருந்து வந்த பயிற்சி மேடம் கொண்டுவந்த ஆட்டம் அது. ஷிஃப்ட் முடிந்ததும் சட்டையில் சால்டரிங் வாசனையோடு மைதானத்துக்கு ஓடுவோம். ஆணும் பெண்ணும் ஒரே அணி. பட்டைகள் போதவில்லை. நான் நகரிக்காரி அல்லவா, மாமாவின் விசைத்தறிப் பட்டறையில் வெட்டிப்போட்ட துணி ஓரங்களை மூட்டையாகக் கட்டினேன். இடுப்பில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று செருகிக்கொண்டால் ஆயிற்று. மூட்டையைப் பார்த்த நைனா, "பேக்டரிக்கு வேல செய்யப் போறியா, வால் கட்டிக்கினு ஆடப் போறியா?" என்றார். ரெண்டுக்கும்தான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

என் ஹாஸ்டல் அறையில் முனெம்மா என்றொருத்தி இருந்தாள். சாந்திபுரத்துப் பெண், பள்ளியில் கபடி ஆடியவள். மின்னல் மாதிரி ஓடுவாள். ஆனால் எதிராளி பக்கத்தில் வந்தால் போதும், கை அவன் கணுக்காலைக் கவ்விவிடும். முதல் நாளே லைன் லீடரைச் செம்மண்ணில் புரட்டி எடுத்தாள். அவள் பிடிக்கப் பிடிக்க, ஃபவுல் என்று பந்து எதிர் அணிக்குப் போய்க்கொண்டே இருந்தது.

பக்கத்துக் கம்பெனியோடு போட்டி என்று முடிவானதும், ஸ்டோரில் வேலை பார்த்த எங்கள் கேப்டன் சுப்பிரமணி அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். அன்று மெஸ்ஸில் அவள் தட்டைத் தொடவில்லை.

"கை தானா போவுதுக்கா. நேனு ஏம் சேசேதி, நான் இன்னா பண்றது?"

"முதல்ல துன்னு. கைய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் இல்லையென்றால் நானும் இல்லை என்று கேப்டனிடம் போய் நின்றேன். நான் இல்லாவிட்டால் அணி இன்னும் வேகமாக ஓடும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஆள் பற்றாக்குறை, ஒப்புக்கொண்டார்.

அதற்கப்புறம் ஹாஸ்டலில் நான் துணி ஓரத்தைச் செருகிக்கொண்டேதான் நடமாடினேன். படிக்கட்டில், தண்ணீர்க் குழாயடியில், பல் தேய்க்கும்போதுகூடப் பின்னாலிருந்து வந்து உருவுவாள். தவறி என் கையைப் பிடித்துவிட்டால் அவளே தலையில் குட்டிக்கொள்வாள்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இரண்டு கம்பெனி ஹாஸ்டல்களும் திரண்டு வந்திருந்தன. எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தால் ஒரு ட்ரை. நாங்கள் ஒரு ட்ரை முன்னால் இருந்தோம். ஆட்டம் முடிகிற நேரத்தில் அவர்களில் ஒரு நெட்டைக்காலன் எங்கள் எல்லோரையும் தாண்டிவிட்டான். எதிரே முனெம்மா மட்டும். கபடிக்குக் குனிகிற மாதிரியே குனிந்தாள்.

"புடிக்காத! புடிக்காத!" மைதானமே கத்தியது.

கை அவன் காலை நோக்கித்தான் போனது. பாதியில் அந்தக் கை மேலே திரும்பியது. சர்ரக்! அவன் நின்றுவிட்டான். ஆட்டம் முடிந்த விசில்.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. முனெம்மா ரிப்பனைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட, பாவம் அந்த ஆள், "டேக் குடுக்கா, கம்பெனி சாமான்க்கா" என்று பின்னாலேயே ஓடினான்.

அடுத்த வருஷமே வேறு கம்பெனிகளும் அணி சேர்த்தன. புத்தூரிலிருந்து ஒரு பி.டி. மாஸ்டர் பார்த்துவிட்டுப் போய், தன் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். இன்று திருப்பதியில் இத்தனை பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

கம்பெனியில் எங்கள் உற்பத்தி லைனைத்தான் மூடிவிட்டார்கள். முனெம்மா ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போனாள். அவள் பழைய நம்பரில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். நான் பிறகு ஒருமுறை ஸ்ரீ சிட்டிப் பக்கம் போனபோது, மைதானம் இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அன்றும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். கத்துவதற்கு அங்கே யாருமில்லை.