பதினெட்டு அங்கிகளும் ஒரு தோல் வாசரும்

பாக்கியநாதன் சார் நம் சபையின் விழா மலரில் எழுதியிருப்பது பொய்.

"பாடகர் குழுவில் இடம் கிடைக்காத ஒருவர் மனக்கசப்பில் அங்கிகளில் மை கலந்தார். ஆண்டவர் கிருபையால் அன்றே அவற்றை வெளுத்துக் கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறார். பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. ஆம்பூரில் பழைய வாஷிங் மிஷின்களை வீட்டில் சேர்த்து வைத்துக்கொண்டு கூத்தடித்தவன் நான் ஒருவன்தான்.

நான் மை கலக்கவில்லை. மை தயாரித்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது கெட்டவன் வேலை, இரண்டாவது முட்டாள் வேலை. இளைஞர்களுக்காகப் பணி அனுபவம் எழுதித் தாருங்கள் என்று சபையின் இந்த மாதாந்திர இதழுக்காகப் பல தடவை கேட்டார்கள். எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தட்டிக் கழித்தேன். இப்போது இருக்கிறது.

1. முதல் நாள்

நான் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், பிட்டர். மரத்தால் ஆன பெரிய பெரிய டிரம்கள் ஓடும். உள்ளே தோலும் தண்ணீரும் அதைப் பதனிடுகிற மரப்பட்டைச் சாறும் சேர்ந்து புரளும். அந்த டிரம் நிற்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எழுபதுகளின் கடைசியில் மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது சாமான்களை விற்றார்கள். எல்லாரும் நாற்காலி, கட்டில், பீங்கான் தட்டு என்று போனார்கள். நான் ஒரு மூலையில் நின்ற வாஷிங் மிஷினைப் பார்த்தேன். வெள்ளை எனாமல் தொட்டி, நடுவில் துணியை அலசும் துடுப்பு, மேலே துணியைப் பிழிய இரண்டு ரப்பர் உருளை. எனக்கு அது குட்டி டிரம் மாதிரி தெரிந்தது. மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தெருவே கூடி நின்றது. பிளக்கைச் சொருகினேன். மிஷின் ஒரு தடவை உறுமியது. பிறகு புகை. தெரு முழுக்க கரண்ட் போய்விட்டது. நம் கரண்டில் பாதியைத்தான் தாங்கும், நூற்றுப்பத்து வோல்ட் மோட்டார் என்று தகட்டில் பொறித்திருந்தது. தகட்டைத் துணியால் துடைத்து மினுக்கியவனே நான்தான். படித்ததுதான் இல்லை.

என் மனைவி எஸ்தர் பள்ளி ஆசிரியை. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "தொவைக்கறது அப்புறம் இருக்கட்டுங்க. மொதல்ல இது இன்னாத்துக்கு எரியுது?" என்றாள்.

2. கேட்டு ரசிப்பது

பிறகு ஷாப்பில் கழித்துப்போட்ட அரை ஹார்ஸ் பவர் மோட்டாரைக் கேட்டு வாங்கி மாட்டினேன். பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரத்தின் அளவு தப்பு. துடுப்பு பேய் மாதிரி சுற்றியது. சோதனைக்காகப் போட்ட என் குடியாத்தம் லுங்கி கயிறாகத் திரிந்து வெளியே வந்தது. அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் போட்டோம். இரண்டாவது புல்லி, மூன்றாவது புல்லி. நான்காவதில் மிஷின் நிதானத்துக்கு வந்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கடக், முடக், கடக், முடக். நடுவில் தண்ணீர் ஒரு பெருமூச்சு விடும். எங்கள் ஷாப் ஸ்டோர் கீப்பர் கரீம் பாய் வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் ஷாப்புக்கும் எஸ்தரின் பள்ளிக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. இரண்டு பேரும் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தொட்டியில் வெறும் தண்ணீரை ஓடவிட்டு டீ குடிப்போம்.

"தோஸ்த், மூடியைத் தெறந்து வை. தண்ணி ஆடறதப் பாக்கணும்" என்பார்.

"பாய், துணி எதுனா போடுங்களேன்" என்று எஸ்தர் உள்ளேயிருந்து கத்துவாள்.

"துணி போட்டா தண்ணி அழுக்காயிடும்மா" என்பார் அவர்.

ஆற்காட்டிலிருந்து ஒன்று, வேலூரில் காயலான் கடையிலிருந்து ஒன்று என்று இரண்டு வருடத்தில் மூன்று மிஷின் சேர்ந்தது. எஸ்தர் துவைத்தது மட்டும் கல்லில்தான். "உங்க மிஷினுக்கு தண்ணி எடுத்து ஊத்தற நேரத்துல நான் ஒரு மூட்டை தொவச்சி காயவச்சிருவேன்." கணக்குப் பார்த்தால் அவள் சொன்னது சரி. நான் கணக்குப் பார்த்ததில்லை.

3. வாசர்

பாக்கியநாதன் சார் ஷாப்பில் டானிங் மாஸ்டர். எந்தத் தோலுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்பவர் அவர். எனக்கு மேலதிகாரி. சபையில் பாடகர் குழுத் தலைவரும் அவரே. என்னைக் குழுவில் சேர்க்காமல் நிறுத்தியவரும் அவர்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது என் பொய். ஆனால் காரணம் நியாயமானது. நான் பாடியதை நானே ஒரு தடவை டேப்பில் கேட்டிருக்கிறேன்.

எஸ்தர் நன்றாகப் பாடுவாள். அவள் குழுவில் இருந்தாள்.

பேராயர் வரப்போகிற ஞாயிற்றுக்கு முந்தைய வாரம். டாக்டர் வீட்டு மிஷினில் துடுப்புக்கு அடியில் தண்ணீர் ஒழுகியது. ரப்பர் சீல் இற்றுப்போயிருந்தது. அமெரிக்க மிஷினுக்கு ஆம்பூரில் ஸ்பேர் எங்கே கிடைக்கும்? நான் யோசிக்கவே இல்லை. ஷாப்பில் கிடந்த கனமான பட்டைத் தோல் துண்டில், ஒழுகாமல் அடைக்க வட்டமாக ஒரு வாசர் வெட்டினேன். அதை அழுத்திப் பிடிக்கிற அலுமினிய வளையமும் உடைந்திருந்தது. இரும்புத் தகட்டில் புது வளையம் கடைந்து போட்டு முடுக்கினேன். பச்சைத் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

தோல் ஷாப்பில் வேலை பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் இரும்பு படக்கூடாது. பட்டால் கறுக்கும். பட்டையும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வருவது மை, அந்தக் காலத்தில் எழுதுவதற்கே அப்படித்தான் காய்ச்சினார்கள். அதனால்தான் எங்கள் டிரம்மில் பித்தளை ஆணி அடிப்போம். ஒருவன் இரும்பு ஆணியோடு டிரம் பக்கம் வந்துவிட்டால் நான் சும்மா விட்டதில்லை. "இன்னாய்யா, மூளையை வூட்லயே வச்சிட்டு வந்துட்டியா? பட்டை டிரம்முல இரும்பா?" என்று ஷாப் முழுக்கக் கேட்கக் கத்துவேன். அப்படிக் கத்தியவன்தான் வீட்டுக்கு வந்து இதைச் செய்தான்.

புதன்கிழமை சாயங்காலம் பாக்கியநாதன் சார் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. "உங்க மிஷினைப் பத்தி எஸ்தர் டீச்சர் சொன்னாங்க" என்றார். தொட்டிக்குள் கையை விட்டார். வாசரின் ஓரத்தை விரலால் தேய்த்து, விரலை முகர்ந்து பார்த்தார். வளையத்தைக் குனிந்து பார்த்தார்.

"நல்லா பண்ணியிருக்கய்யா. பேராயர் வர்றாரு, குழுவோட வெள்ளை அங்கி பதினெட்டு இருக்குது. வெள்ளிக்கிழமை அனுப்பிவிடறேன், தொவச்சிக் கொடு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. குழுவில் இடம் இல்லாவிட்டாலும் அவர்கள் அங்கி என் மிஷினில் ஓடும்.

4. வெள்ளிக்கிழமை

காலை பத்து மணி. குழுவில் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வெந்நீர், சோப்பு, சலவைச் சோடா. இந்த வகை மிஷினில் தண்ணீரை மாற்ற மாட்டார்கள். ஆறு ஆறாக மூன்று ஈடு, ஒரே தண்ணீரில். முதல் ஈடு ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கறுக்க ஆரம்பித்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமைப்பட்டேன். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தீங்களா? கல்லுல அடிச்சா இந்த அழுக்கு வெளிய வருமா? எத்தினி வருஷத்து அழுக்கு!"

"ஏங்க, போன வாரந்தான் தொவச்சது" என்றாள் எஸ்தர்.

"மேலாக்க தொவச்சிருப்பீங்க. இது உள்ளாற போயி எடுக்குது. இன்னும் கொஞ்சம் சோடா போடு."

போட்டாள். இன்னும் கறுத்தது. நான் இன்னும் சந்தோஷப்பட்டேன். கடைசியில் சேர்த்துப் பிழியலாம் என்று முதல் இரண்டு ஈட்டையும் கறுத்த தண்ணீரோடு அப்படியே பக்கெட்டுகளில் போட்டிருந்தேன். மூன்றாவது ஈட்டில் தண்ணீர் தார் மாதிரி இருந்தது. உருளைக்கு நடுவில் விட்டு முதல் அங்கியைப் பிழிந்தேன். மழை மேக நிறத்தில் சப்பையாக வெளியே வந்தது. கழுத்துப் பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. அது எஸ்தருடைய அங்கி.

ஒரு பெண் அழுதாள். யாரோ ஓடிப்போய்ச் சாரிடம் சொல்ல, அரை மணி நேரத்தில் சைக்கிளில் வந்து இறங்கினார். கேரியரில் ஒரு பொட்டலம். அண்டாவில் வெந்நீர் வைக்கச் சொல்லி, பொட்டலத்தைக் கொட்டிக் கரைத்து, அங்கிகளை முக்கினார். கறை கண்ணெதிரே கலைந்தது. எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

அந்தப் பொட்டலம் ஆக்ஸாலிக் ஆசிட். ஷாப்பில் அதை ஒன்றே ஒன்றுக்குத்தான் எடுப்போம், தோலில் இரும்புக் கறை பட்டால். அதைப் பார்த்த நொடியில்தான் எனக்கு உறைத்தது, நான் என்ன செய்திருக்கிறேன் என்று.

"தண்ணியில இன்னாய்யா கலந்த?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஒண்ணும் கலக்கல சார்."

"கலக்காத எப்படி கறுக்கும்?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாசர் பட்டைத் தோல், வளையம் இரும்பு, நான் மடையன் என்று. ஆனால் சொன்னால் மறுநாள் விஷயம் ஷாப்புக்குப் போகும். நான் திட்டிய அத்தனை பேரும் டிரம்மைச் சுற்றி நின்று சிரிப்பார்கள். மடையன் என்று பெயர் வாங்குவதைவிடக் கெட்டவன் என்று பெயர் வாங்குவது மேல் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். அந்த நிமிடத்திலிருந்து, குழுவில் சேர்க்காத கோபத்தில் மை ஊற்றியவன் ஆகிவிட்டேன். எஸ்தர் அந்த ஞாயிறு பாடினாள். மறுவாரம் அங்கியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு குழுவில் நிற்கவே இல்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஒரு மாதம் கழித்து கரீம் பாய் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஆக்ஸாலிக்கு வெள்ளிக்கிழமை எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சே? ஸ்டோரு பூட்டி, சாவி என் இடுப்புல. வியாழக்கிழமையே ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போய்ட்டாருப்பா மாஸ்டர். இன்னாத்துக்குன்னு கேட்டேன். வேலை இருக்குதுன்னாரு."

அந்த வாரம் ஷாப்பில் ஒரு தோலிலும் இரும்புக் கறை இல்லை. நான் பிட்டர், எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்கப் போனால் என் வாசரையும் சொல்ல வேண்டும். அதற்கும் வாயை மூடினேன். மேலதிகாரி என்ற பயமும் இருந்தது.

5. இப்போது

போன வாரம் எஸ்தர் விழா மலரைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாகப் படித்தாள். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நெஜமா சொல்லுங்க. நீங்க வேணும்னு பண்ணலதானே?"

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவள். இந்தக் கேள்வியை இத்தனை வருடமும் மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் வாசர் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டாள். "சரி" என்றாள். அந்தச் "சரி"யில் பாதிதான் நம்பிக்கை இருந்தது. மீதிப் பாதி பாக்கியநாதன் சாரிடம் இருக்கிறது.

இளம் பிட்டர்களுக்கு நான் கற்ற பாடம்: தப்பு செய்தால் அன்றைக்கே உரக்கச் சொல்லிவிடுங்கள். சிரிக்கிறவன் ஒரு வாரம் சிரிப்பான். நான் சிரிப்புக்குப் பயந்து கெட்ட பெயரை வாங்கி வந்து, அதில் பாதியை என் மனைவி தலையில் வைத்தேன்.

பாக்கியநாதன் சார், என் தப்பை எழுதிவிட்டேன், பெயரும் கீழே போட்டிருக்கிறேன். இனி உங்கள் முறை. புதன்கிழமை அந்த வாசரைத் தேய்த்து முகர்ந்தபோது அது என்ன தோல் என்று உங்களுக்குத் தெரிந்ததா, இல்லையா? அங்கி கறுக்கும் என்று தெரிந்துதான் வியாழக்கிழமையே இரண்டு கிலோ ஆக்ஸாலிக் வாங்கினீர்களா? வேறு வேலைக்கு வாங்கியிருந்தால் அதைச் சொல்லுங்கள், எல்லார் முன்னாலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டாம். இந்த இதழ் வந்ததற்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில், மைக்கைப் பிடித்துச் சபை முன்னால் சொல்லுங்கள். எஸ்தர் இடது பக்கம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தே. சாமுவேல், பிட்டர் (ஓய்வு)