மெழுகுக் குழந்தைக்கு ஒரு பொட்டு

சவ்வரிசி கருகும் மணம் இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் பட்டால் நான் என் விரல் நுனியைப் பார்த்துக்கொள்வேன். டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுச் சமையலறையில், யன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் புகை என்ற நிலையில், அம்மா சவ்வரிசியைக் கறுக்க வறுத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, தம்பிக்குக் "கறுத்த பொட்டு" செய்தார். ஊற்றி வைக்கத் தேங்காய்ச் சிரட்டை கிடைக்காததால் அது ஒரு ஜாம் போத்தல் மூடியில் காய்ந்தது. தம்பி பிறந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது.

வீட்டுக்கு வந்து குழந்தையை நிறுத்துப் பார்க்கும் தாதி, முதல் நாளே தம்பியின் கன்னத்துக் கறுப்பை அழுக்கென்று நினைத்துப் பஞ்சால் துடைத்துவிட்டார். அம்மா சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தாதி படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும் மூடியை எடுத்து, விரலை நனைத்து, அதே இடத்தில் திரும்ப வைத்தார். "அவ துடைச்சாத் துடைக்கட்டும். பொட்டில்லாத பிள்ளையில பாக்கிற சனத்தின்ர நாவூறு முழுக்க விழும். பிறகு பால் குடியாது, நித்திரை கொள்ளாது" என்றார். கண்படுவதைத்தான் எங்கள் வீட்டில் "நாவூறு" என்பார்கள்.

அப்பாவுக்கு வேறு பயம். எங்கள் விசாவை நீட்டிக்கக் கேட்டு எழுதிப்போட்டுப் பதில் வராமல் இருந்த மாதங்கள் அவை. கதவிலுள்ள துளையால் தபால் விழும் "டக்" சத்தம் கேட்டால் வாயில் வைத்த சோற்றோடு எழும்பிப் போவார். பள்ளிக்கூடத்தில் எங்களைப் பழம்பொருட்கள் பார்க்கக் கோபன்ஹேகன் நூதனசாலைக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று நான் சொன்னதும் அவர் சொன்னது ஒன்றுதான்: "பிள்ளை, ஒண்டிலயும் கை வைச்சிடாத. உன்னைப் பற்றி ஒரு முறைப்பாடு வந்தாலும் எங்கள் எல்லாரையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்." அது உண்மையா என்று கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. அம்மா என் நெற்றியிலும் ஒரு பொட்டை, அன்றைக்குக் கொஞ்சம் பெரிதாகவே, வைத்து அனுப்பினார். ரயிலில் அதைத் தொப்பியால் மறைத்துக்கொண்டு போனேன்.

நூதனசாலையின் உள்ளறை ஒன்றில் அந்தப் பொம்மை வீடு நின்றது. ஒல்லாந்து நாட்டில் முந்நூறு வருடத்துக்கு முன் ஒரு பணக்காரப் பெண்மணிக்காகச் செய்தது என்று ஆசிரியை சொன்னார். பார்வைக்கு உயரமான அலுமாரி. கதவுகளைத் திறந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக அறைகள். நகமளவு செம்புச் சட்டிகள், நீலப் பூப்போட்ட பீங்கான் ஓடுகள், மடித்து அடுக்கிய துணிகள். அப்போது கண்ணாடி கிடையாது. முன்னால் ஒரு சிவப்புக் கயிறு மட்டும். பிள்ளைகள் ஏறி நின்று பார்க்க ஒரு மரப்படியும் இருந்தது.

நடு அறை பிள்ளை பெற்றவளின் அறை. பச்சைத் திரைச்சீலை போட்ட கட்டிலில் தாய்ப் பொம்மை; அருகே கூடைத் தொட்டிலில் மெழுகு முகத்தோடு ஒரு குழந்தை, என் சுண்டுவிரல் நீளம். சுற்றிவரக் கதிரைகளில் அமர்ந்தபடி, பிள்ளை பார்க்க வந்த பெண்கள். அவர்களுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருபது பேர். எல்லாருமாக அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் கன்னம் வெள்ளை வெளேரென்று, ஒன்றுமில்லாமல் இருந்தது. முந்நூறு வருடமாக எல்லாரும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்தது. வகுப்பு அடுத்த அறைக்கு நகர்ந்தபோது நான் படியிலேயே நின்றேன். விரலை எச்சிலால் நனைத்து, தொப்பியை மேலே தள்ளி, என் நெற்றிப் பொட்டில் தேய்த்து, கயிற்றுக்கு மேலால் குனிந்து, அதன் கன்னத்தில் தொட்டேன். கடுகளவுதான் பட்டது.

கையை எடுத்த பிறகுதான் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. துடைக்கப் போனால் இன்னும் பரவும். பரவினால் முகமே போய்விடும். பின்னால் காவல்காரப் பெண்மணியின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கறுத்த விரலைக் கையுறைக்குள் விட்டுக்கொண்டேன். திரும்பும் வழியில் பாண் துண்டையும் கையுறையோடுதான் தின்றேன்.

அதன்பிறகு "டக்" சத்தத்துக்கு அப்பாவை முந்தி ஓடியவள் நான். தொட்டிலில் கிடந்த தம்பியைப் பார்க்கும்போதெல்லாம், இவனையும் சேர்த்துத்தான் அனுப்பப்போகிறார்கள், என்னால்தான், என்று நினைத்துக்கொள்வேன். மூன்று கிழமை கழித்து அந்தக் கடிதம் வந்தது. அப்பா அதை உடைத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "விசா தந்திட்டாங்கள்!" என்று கத்தி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா கேசரி கிண்டினார். நான் மட்டும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். அவர்கள் இன்னும் பொம்மையைப் பார்க்கவில்லைபோல என்றுதான் நினைத்தேன்.

அந்த நினைப்பு போகவேயில்லை. பள்ளிப் படிப்போடு நிறுத்தி, முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, குடியுரிமையும் கிடைத்த பிறகும், நூதனசாலை இருக்கும் தெருவால் போகவேண்டி வந்தால் எதிர்ப்பக்கத்தால்தான் நடப்பேன். போன மாதம் தம்பியோடு நகரத்துக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. அவன் நேரே நூதனசாலை வாசலுக்கு ஓடினான்.

"கொம் நு, வாங்கோ அக்கா! ஏன் மழையில நிக்கிறியள்?"

"நான் வரேல்லையடா."

"ஏன், உள்ள உங்களைப் பிடிச்சு வைக்கப்போகினமோ?"

அதனால்தான் சொல்லவேண்டி வந்தது. வாசலில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எனக்கு வைச்சது காணாதெண்டு அதுக்கும் வைச்சனீங்களோ? வாங்கோ, என்ர கூட்டாளியைப் போய்ப் பாப்பம்."

பொம்மை வீட்டுக்கு முன்னால் இப்போது தடித்த கண்ணாடி, மங்கலான வெளிச்சம். மரப்படி இல்லை. அம்மாவும் அப்பாவும் இல்லை. சவ்வரிசி வறுக்க ஆளில்லை. தம்பியின் மகள் பொட்டில்லாமலே வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறாள். தொட்டிலுக்கு நேரே குனிந்து, கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்தேன். கன்னம் சுத்தமாக இருந்தது.

"துடைச்சுப்போட்டினம், அக்கா" என்றான் தம்பி, சிரிக்காமல்.

அப்படியானால் யாரோ ஒருவர் கண்டிருக்கிறார். பஞ்சோ தூரிகையோ எடுத்து, மெழுகில் கீறல் விழாமல், பொறுமையாகத் துடைத்திருக்கிறார். அன்றைக்கு வந்த பிள்ளைகளில் நெற்றியில் கறுப்பு அழிந்திருந்தவள் நான் ஒருத்திதான். தேடியிருந்தால் அரைநாள் போதும். அவர் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

நிமிர்ந்தபோது, என் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் ஒரு வட்டம் மங்கியிருந்தது. காவலாளி இந்தப் பக்கம் திரும்புமுன் அதைச் சட்டைக் கையால் அவசரமாகத் துடைத்தேன்.