பதினோரு மிட்டாய் பாக்கி

கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்திய நாளிலெல்லாம், தேநீர் இடைவேளையில் குவாபரா மிசாவோ எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருஞ்சர்க்கரை மிட்டாய் வைப்பார். "தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சிக்கோங்க" என்று தலை குனிவார். பதினோரு பேர், பதினோரு மிட்டாய்.

ஜப்பானில், ஐச்சியில் கார் பிரேக் பாகங்கள் செய்யும் ஆலை அது. நான் போல்ட் இறுக்குவேன். அடுத்த இடத்தில் அந்த அம்மா சரிபார்ப்பார். ஆறு வருடம் பக்கத்தில் நின்றும் அந்த மிட்டாய் எனக்கு விநோதமாகப் படவில்லை. இத்தனைக்கும் மாலைக் கல்லூரியில் தரக் கட்டுப்பாடு படித்து, எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவன் நான். கோளாறு கண்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுக்கலாம் என்று சுவரில் எழுதியிருந்தது. இழுத்தது மிசாவோ மட்டும்தான்.

அந்த மார்ச்சில் அவருக்கு அறுபது வயது. ஓய்வுக்குப் பிறகும் அதே இடத்தில் வேலை நீடிக்குமா என்பது பிரிவுத் தலைவர் ஹிபினோவின் கையெழுத்தைப் பொறுத்தது. கம்பெனியின் புதிய தலைவர் தொகாரி எங்கள் வரிசையைப் பார்க்க வந்த காலையில், ஹிபினோ முன்னதாகவே வந்து நின்றார்.

"குவாபரா-சான், இன்னைக்கு ஒருநாள் அந்தக் கயிறு பக்கம் கை போகக் கூடாது. உங்க தாள் இன்னும் என் மேசையிலதான் கெடக்கு."

"நல்லது, மிட்டாய் மிச்சம்" என்றார் மிசாவோ. யாரோ சிரித்தார்கள்.

தொகாரி தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு அதற்குள் நின்றார். எங்கள் கைகளையே கவனித்தார். இருபது நிமிடம் போனது. நாற்பது போனது. போல்ட் முழுதாக இறுகினால் ஸ்பேனர் 'டக்' என்னும். ஒரு போல்ட்டுக்கு அந்தச் சத்தம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது. பாகம் நகர்ந்தது, என் கை அடுத்ததை எடுத்தது.

மிசாவோ அந்தப் போல்ட்டை விரலால் தொட்டார். என்னைப் பார்த்தார். ஹிபினோவைப் பார்த்தார். கயிற்றை இழுத்தார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. வரிசை நின்றது. தொகாரி வட்டத்தை விட்டு வெளியே வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"போல்ட் மரை சரியாப் பிடிக்கலைங்க."

"யாருய்யா இறுக்கினது?" என்று ஹிபினோ பாய்ந்தார்.

"யாருன்னு நான் கேக்கல" என்றார் தொகாரி. நானும் வாயைத் திறக்கவில்லை.

இடைவேளையில் மிசாவோ பையை எடுத்தார். தொகாரி இன்னும் போயிருக்கவில்லை.

"இது எதுக்கு?"

"வரிசைய நிறுத்திட்டேனே. இவங்களுக்கெல்லாம் வேலை கெட்டுப்போச்சு."

"அப்போ கோளாறைப் பிடிச்சவங்கதான் தண்டம் கட்டணுமா?" எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இன்னைக்கு வேண்டாம். உள்ள வைங்க."

மிசாவோ பையை மூடினார். ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவர் போல இருந்தார்.

ஒரு வாரத்தில் கையெழுத்து விழுந்தது. வேலை நீடித்தது, இடம்தான் மாறியது. கயிறே இல்லாத பொதி கட்டும் கொட்டகை. தொகாரி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் கேட்கவில்லை.

வாசலில் என்னைப் பார்த்தால் மிசாவோ கையாட்டுவார். "ஏம்பா நோனோயாமா, அன்னைக்கு மிட்டாய் பாக்கி எனக்கு ஞாபகம் இருக்கு!"

அடுத்த வருடம் தொயோஹாஷிக்குத் தங்கை வீட்டோடு போய்விட்டார். பதினோரு மிட்டாய் இன்னும் வரவில்லை.