நாற்பது புத்தகம் பிடிக்கும் மேசை

ஹாலில் இடமில்லை, என் கதைப் புத்தகங்களை ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

இன்று சோபா பக்கத்தில் வைக்க ஒரு மேசை செய்யச் சொல்ல, பாடி ஏரியாவில் ஒரு தச்சுப் பட்டறைக்குப் போனோம். நான் வரைந்த தாளை நீட்டினேன். மேலே காபி டம்ளர், கீழே புத்தகத்துக்கு இரண்டு தட்டுகள்.

"இன்னா பாப்பா, எல்லாம் சென்டிமீட்டர்ல கீது?" என்று சிரித்த தச்சர், அப்பாவிடம், "சார், வெறும் நாலு கால் வெச்சா ஆடும். இதுல தட்டு கீது, ஆடாது" என்றார்.

"எத்தனை புக் பிடிக்கும்?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"நாப்பது."

"உன்கிட்ட எத்தனை இருக்கு?"

"முப்பத்தொன்பது."

"இப்படியே செஞ்சிடுங்க" என்றார் தச்சரிடம்.

நாற்பதாவதாக எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கமென்ட்டில் சொல்லுங்கள். அப்பாவைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு அவரை வாழ்த்திவிடாதீர்கள். எனக்கு இங்கே அக்கவுண்ட் இருப்பது அவருக்குத் தெரியாது.