பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

செவ்வாய்க் கிரகத்தைப் படிக்கிறவள் நான், செவ்வாய் தோஷத்திலேயே எனக்கு நம்பிக்கை கிடையாது, அதற்காக இரண்டு ஜோசியர்களோடு சண்டையே போட்டிருக்கிறேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது, மின்னேற்றம் கொண்ட துகள்களின் காற்று. அது செவ்வாயின் மேல் வளிமண்டலத்தில் மோதி, அங்கிருக்கும் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டு போகிறது. அதைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் கரண்ட் நிலையில்லை, ராஜபாளையத்தில் மாமாவின் பேண்டேஜ் துணி தறிக்கூடத்தில் ஜெனரேட்டர் உண்டு, அதனால் கம்ப்யூட்டரை அங்கே ஆபீஸ் அறையில் வைத்திருந்தேன். நவராத்திரி முதல் நாள் ஆரம்பித்த ஓட்டம் ஆயுத பூஜை அன்று சாயங்காலம் முடிய வேண்டும். விஜயதசமிக்கு மறுநாள் முடிவைக் கொடுக்காவிட்டால் என் பிஎச்.டி. பதிவே ரத்து, ஏழு வருஷம் வீண். வேகம் கூடட்டும் என்று இடையிடையே சேமிப்பதை வேறு நிறுத்தி வைத்திருந்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆயுத பூஜை அன்று பதினோரு மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனால், தறிகள் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு நிற்கின்றன. சாமி படத்துக்கு முன்னால் என் கம்ப்யூட்டர். பிளக்கைப் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்து, வயரைக் கழற்றிச் சுருட்டி மேலே வைத்திருந்தாள் அத்தை.

“ஐயோ அத்தை, ஒம்பது நாள் ஓட்டம் போச்சே!”

அத்தைக்கு முகம் சுண்டிப்போயிற்று. “எனக்கு என்னட்டி தெரியும்? தறியே நிக்கையில இது மட்டும் ஓடலாமான்னு நெனச்சேன். சாமிக்கு வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும், செத்த பொறு.”

அழுதேன். அழுது முடித்து, விடியட்டும், முதலிலிருந்து ஓட்டுகிறேன், விடுவதாக இல்லை என்று வீம்பாக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். விளக்கு வைக்கும் வரை வயர் என் மடியில்தான் கிடந்தது. பேட்டரி இருந்திருக்கும் என்பீர்கள், இது லேப்டாப் இல்லை. பிறகு மாமா வந்து கதவைப் பூட்டினார்.

விஜயதசமி காலையில் மாமாவே பூட்டைத் திறந்தார், நான் வயரை மாட்டினேன். நம்பினால் நம்புங்கள், ஓட்டம் முடிந்து முடிவு முழுசாகக் கிடந்தது. சேமித்த நேரம் முந்தின நாள் மாலை ஐந்து மணி பத்து நிமிஷம்.

“ஏட்டி, சரஸ்வதியே முடிச்சுக் குடுத்துட்டா. கொண்டு போய்க் குடு” என்றார் மாமா.

“நான் ஓட்டாதத என் பேர்ல குடுக்க மாட்டேன் மாமா.”

நெறியாளர் முன்னால் போய் நின்று, வாய் வலிக்கத் திட்டுகிற மட்டும் திட்ட விட்டு, இன்னும் பத்து நாள் கேட்டு வாங்கி, முதலிலிருந்து ஓட்டினேன், பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக் காவல் காத்தேன். அந்த முடிவுக்குத்தான் பட்டம் கிடைத்தது.

பிற்பாடு இரண்டு முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரே ஒரு துகளைத் தவிர கடைசி எண் வரை அச்சு அசல் ஒன்றுதான். நான் உள்ளே விட்டது இருபது லட்சம் ஆக்சிஜன் துகள், பூஜையன்று வந்த முடிவில் ஒன்று கூடுதலாக இருக்கிறது. செவ்வாயிலிருந்து தப்பித்த மற்றதெல்லாம் சூரியக் காற்றோடு பின்னால் அடித்துக்கொண்டு போக, அது மட்டும் காற்றை எதிர்த்து, சூரியனைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று தடவை அந்தக் கோப்பை அழிக்க உட்கார்ந்தேன், மனசு வரவில்லை.